அரண்மனை வேலை போச்சு, உயிரும் போச்சு: கொண்ட கொள்கையை விடாத புனிதர் தேவசகாயம்

வில்லியனூர், ஜன.14-

ஊரெல்லாம் பொங்கலுக்கு தயாராகும் இதே ஜனவரி 14-ந்தேதிதான் அந்த மனிதர் துப்பாக்கி குண்டுக்கு பலியானார். ஆண்டு 1752. வயது 39.

புனிதர் என்றாலே சாமியார், கன்னியாஸ்திரி என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் புனிதர் தேவசகாயம் குடும்பஸ்தர். நம்மைப் போல வேலைக்கு போய் சம்பாதித்தவர். வில்லியனூர் லூர்து மாதா கோவிலுக்கு வரும் கூலித்தொழிலாளியும், பாகூர் பக்கம் வயலில் இறங்கும் விவசாயியும் இவர் கதையில் தங்களையே பார்க்கலாம்.

நீலகண்டன்

குமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந்தேதி பிறந்தவர் நீலகண்டன். வசதியான நாயர் குடும்பம். அப்போது அந்த பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. வளர்ந்ததும் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் வேலை கிடைத்தது. பார்கவி அம்மாள் என்பவரை கல்யாணம் செய்தார். கை நிறைய சம்பளம், ஊரில் மரியாதை. ஒரு குறையும் இல்லை.

1741-ல் குளச்சலில் டச்சுப் படை மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். திறமைசாலியான அவரை ராஜா தன் படையிலேயே சேர்த்துக்கொண்டார். நீலகண்டனுக்கும் டிலனாய்க்கும் நட்பு ஏற்பட்டது.

அந்த நேரம் பார்த்து நீலகண்டன் வீட்டில் அடி மேல் அடி விழுந்தது. மாடுகள் செத்தன. பயிர் போச்சு. மனசு உடைந்து கிடந்தவருக்கு, பைபிளில் எல்லாத்தையும் இழந்தும் நம்பிக்கை இழக்காத யோபுவின் கதையை டிலனாய் சொன்னார். அது அவர் மனசை மாற்றியது.

1745-ம் ஆண்டு மே 14-ந்தேதி நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் புட்டாரி சாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்று பெயர் வைத்தார்கள். அதையே தமிழில் தேவசகாயம் என்றார்கள். மனைவியும் மதம் மாறி ஞானப்பூ அம்மாள் ஆனார்.

எல்லாரும் சமம்

பிரச்சினை அதற்கு பிறகுதான் ஆரம்பித்தது. சில சாதியினர் ரோட்டில் நடக்கவே முடியாத காலம் அது. உயர்ந்த சாதியில் பிறந்த தேவசகாயமோ எல்லா மக்களோடும் ஒன்றாக பழகினார். மனுஷனில் உயர்வு தாழ்வு இல்லை என்று போகிற இடமெல்லாம் பேசினார். இது பலருக்கு பொறுக்கவில்லை.

இந்த கொடுமை கிறிஸ்தவர்களுக்குள்ளும் இருந்தது. அதே 1745-ல் நம்ம புதுச்சேரி சம்பா கோவிலில், ஒடுக்கப்பட்ட மக்களை தனியாக உட்கார வைக்க ஒரு தடுப்புச்சுவர் இருந்தது. அதை எடுக்கச்சொல்லி அந்த மக்கள் போராடினார்கள். கவர்னர் துய்ப்ளே காலத்தில் நடந்த இந்த சண்டையை ஆனந்தரங்கப்பிள்ளை தன் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். அங்கே தேவசகாயம் எதிர்த்ததும், இங்கே ஜனங்கள் எதிர்த்ததும் ஒரே நோயைத்தான்.

எருமை மேல் ஊர்வலம்

1749 பிப்ரவரியில் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். ராஜ துரோக குற்றம் சாட்டப்பட்டது. இதில் சரித்திர ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மதத்துக்காகவே கொல்லப்பட்டார் என்பது திருச்சபையின் முடிவு.

எருமை மாட்டில் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச்சென்றனர். பிரம்படி கொடுத்து, காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்தனர். பெருவிளையில் பல மாதங்கள் வேப்பமரத்தில் கட்டிப்போட்டனர். பழைய மதத்துக்கு திரும்பினால் விடுதலை என்று ஆசை காட்டியும் மசியவில்லை. அவரை பார்க்க ஜனங்கள் வர ஆரம்பித்தது அதிகாரிகளுக்கு இன்னும் தலைவலி ஆனது.

கடைசியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கு கொண்டுபோய் சுட்டுக்கொன்றனர். உடலை காட்டில் வீசிவிட்டனர். சில நாள் கழித்து கிடைத்த எலும்புகளை ஊர்க்காரர்கள் எடுத்துவந்து கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தனர். மனைவி ஞானப்பூ அம்மாள் சொந்த ஊர் திரும்பாமல் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து மறைந்தார். கணவர் பட்ட பாட்டில் பாதியை சத்தமில்லாமல் சுமந்தவர் அவர்.

வாடிகனில் தமிழ்

2012 டிசம்பர் 2-ந்தேதி நாகர்கோவிலில் நடந்த விழாவில் தேவசகாயத்துக்கு முக்திபேறு பட்டம் வழங்கப்பட்டது. 2022 மே 15-ந்தேதி வாடிகனில் போப் பிரான்சிஸ் அவரை புனிதராக அறிவித்தார். அன்றைக்கு அந்த பட்டம் பெற்றவர்கள் 10 பேர். சாமியாராகவோ, கன்னியாஸ்திரியாகவோ இல்லாமல் இந்த பெருமையை பெற்ற முதல் இந்தியர் இவர்தான். விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தும் ஒலித்தது.

அதற்கு முன்பு இன்னொரு விஷயமும் நடந்தது. அவர் பெயருக்கு பின்னால் இருந்த பிள்ளை என்ற சாதிப்பெயரை எடுக்கவேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. வாடிகன் அதை ஏற்றுக்கொண்டு வெறும் தேவசகாயம் என்றே அறிவித்தது. சாதி பார்க்காமல் வாழ்ந்த மனிதருக்கு 270 வருஷம் கழித்து கிடைத்த நியாயம் இது.

கன்னியாகுமரிக்கு டூர் போகும் நம்ம ஊர்க்காரர்கள் நாகர்கோவில் கோட்டாறில் உள்ள அவரது கல்லறையையும், ஆரல்வாய்மொழி காற்றாடிமலையையும் பார்த்துவிட்டு வரலாம். நட்டாலத்திலும் அவருக்கு நினைவிடம் உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.