டெக்னீஷியன் ஆக்செல்ராட்



ஹாஸ்டலில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் தேடுவது பாராசிட்டமால் மாத்திரையைத்தான். அது மருந்தாகப் பெயர் வாங்கியதற்குப் பின்னால் ஒரு லேப் டெக்னீஷியன் இருக்கிறார். பெயர் ஜூலியஸ் ஆக்செல்ராட்.

1912-ல் நியூயார்க்கில் பிறந்தார். போலந்துப் பக்கமிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். அப்பா கூடை முடைகிறவர். மகனுக்கு டாக்டராகும் ஆசை. 1933-ல் பட்டம் வாங்கி மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டார். ஒன்றிலும் இடம் கிடைக்கவில்லை. உணவில் சேர்க்கும் வைட்டமின்களைச் சோதிக்கிற லேபில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அமோனியா பாட்டில் வெடித்து இடது கண் பார்வை போய்விட்டது. ஆனாலும் வேலையை விடவில்லை. இரவு வகுப்பில் முதுநிலைப் பட்டமும் வாங்கினார்.

1946-ல் ஒரு கேள்வி அவரிடம் வந்தது. அப்போதைய தலைவலி மருந்துகளில் அசிட்டனிலைடு இருக்கும். அதைத் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்கு, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தி குறைந்தது. ஏன்? பெர்னார்டு பிராடி என்ற விஞ்ஞானியிடம் யோசனை கேட்கப் போனார். உடம்புக்குள் போன மருந்து என்னவாக மாறுகிறது என்று பார்க்கச் சொன்னார் பிராடி. இருவரும் சேர்ந்து தேடியதில் இரண்டு வழி தெரிந்தது. அசிட்டைல் பகுதி கழன்றால் அனிலின். ரத்தத்தைக் கெடுத்தது அதுதான். வளையத்தில் நைட்ரஜனுக்கு நேர் எதிரே ஆக்சிஜன் ஏறினால் பாராசிட்டமால். வலியைக் குறைத்தது அது. 1948-ல் வந்த கட்டுரையில் பிராடி பெயருக்கு அடுத்து டெக்னீஷியன் பெயரும் இருந்தது.

மருந்தை மாற்றுகிற என்சைம்கள் கல்லீரல் செல்லின் எந்தப் பகுதியில் இருக்கின்றன, வேலை செய்ய அவற்றுக்கு என்ன வேண்டும் என்பதையும் 1950-களில் கண்டுபிடித்தார். இன்று அந்த என்சைம்களின் வேலையை முன்கூட்டியே சொல்ல கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். சோதித்து முடித்த மருந்துகளைக் காட்டிப் பழக்கிவிட்டு, புது மூலக்கூறைக் கொடுத்தால், என்சைம் எந்த அணுவை முதலில் தாக்கும், அடுத்து எதை என்று ரேங்க் போடுகிறது. நம்ம அட்மிஷன் ரேங்க் லிஸ்ட் மாதிரிதான். உண்மையான இடம் முதல் இரண்டு ரேங்கில் வந்தால் பாஸ் என்று கணக்கு வைப்பதுண்டு. ஆனால் அது படிக்கிற பாடமெல்லாம் ஆக்செல்ராட் போன்றவர்கள் ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துச் சேர்த்த மாதிரியான விவரம்தானே!

இவ்வளவு செய்தும், டாக்டர் பட்டம் இல்லை என்று பதவி உயர்வு கிடைக்கவில்லை. என்சைம் பற்றி 1955-ல் வந்த கட்டுரையில் முதல் பெயர் பிராடியுடையது. மனுஷனுக்கு அது ரொம்ப வருத்தம். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். 'டிப்ளமோதானே' என்று கேட்டுப் பழகியவன். அதனால் இந்த இடத்தைப் படித்தபோது எனக்கே கோபம் வந்தது. அவர் சண்டைக்குப் போகவில்லை, மறுபடி மாணவராகச் சேர்ந்தார். 1955-ல், 43 வயதில், டாக்டர் பட்டம் வாங்கினார்.

பிறகு தனி லேப். நரம்பு நுனி தான் வெளிவிட்ட நார்அட்ரினலினைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்று காட்டினார். 1970-ல் மருத்துவ நோபல் பரிசை வேறு இருவரோடு பகிர்ந்துகொண்டார். பரிசு இந்த நரம்பு ஆராய்ச்சிக்குத்தான், மாத்திரைக்கு இல்லை. 2004 டிசம்பர் 29-ல், 92 வயதில் காலமானார்.