மாமல்லன் காமா

உடலை வளர்க்கப் பளுவைக் கூட்டுவதா, எண்ணிக்கையைக் கூட்டுவதா? இரண்டையும் கூட்டியவர் பயில்வான் காமா. 1878-ல் பிறந்தவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 1888-ல் ஜோத்பூரில் நடந்த பஸ்கிப் போட்டியில், 400-க்கும் மேற்பட்ட மல்லர்களுக்கிடையே கடைசிவரை தாக்குப்பிடித்த சிலருள் இந்த 10 வயதுச் சிறுவனும் ஒருவன். மன்னர் அவனுக்கே பரிசளித்தார்.

வளர்ந்தபின் நாளொன்றுக்கு 5,000 பஸ்கி, 3,000 தண்டால் என்பார்கள். (50 பஸ்கி எடுத்த மறுநாள் ஆய்வுக்கூடப் படியேற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!) பஸ்கிக்கு அவர் பயன்படுத்திய 95 கிலோ வளையம் பாட்டியாலா விளையாட்டு நிறுவன அருங்காட்சியகத்தில் உள்ளது.

1910-ல் இலண்டனில் போலந்து வீரர் ஸிபிஸ்கோ இரண்டரை மணி நேரம் தரையோடு ஒட்டிக் கிடந்தே தோல்வியைத் தவிர்த்தார். 1928-ல் பாட்டியாலாவில் மீண்டும் மோதியபோது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காமா அப்போது ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்!

1947 கலவரத்தில், லாகூரில் தம் தெருவிலிருந்த இந்துக்களைக் காத்து நின்றார். இறுதியில் நோயும் வறுமையும் அந்த உடலை உருக்கின. 1960-ல் லாகூரிலேயே மறைந்தார்.