கடைசி எழுத்து எங்கே?

1924ஆம் ஆண்டு. இத்தாலியைச் சுற்றிவரும் சைக்கிள் பந்தயம் நெருங்கிவிட்டது. நடத்துவதோ ஒரு பத்திரிகை, 'கசெட்டா டெல்லோ ஸ்போர்ட்'. பேர்பெற்ற வீரர்களும் அவர்களுடைய கம்பெனிகளும் கூடுதல் பணம் கேட்டனர், கிடைக்கவில்லை, ஒதுங்கினர். வீரரில்லாப் பந்தயத்தை யார் பார்ப்பார்? பத்திரிகை எப்படி விற்கும்? அப்போதுதான் பெண்ணினத்தின் நினைவு வந்தது நடத்துவோருக்கு!

அல்ஃபோன்சினா ஸ்ட்ராடா அம்மையார் 1891இல் ஏழைக் கூலிக் குடும்பத்திலே பிறந்தவர். 1917லும் 1918லும் லொம்பார்டிப் பந்தயத்தில் ஆடவரோடு ஓட்டியவர். இடமளித்தனர். ஆனால் பட்டியலில் அச்சான பெயர் அல்ஃபோன்சின்! பெண் என்று காட்டும் கடைசி எழுத்தைக் காணோம். அச்சுப் பிழை என்பாரும் உண்டு, நம்புவோர் நம்பட்டும்.

12 கட்டங்கள், 3,613 கிலோமீட்டர், பெரும்பாலும் மண்சாலை. பெருஜியா செல்லும் 8ஆம் கட்டத்திலே காற்றும் மழையும் சாடின. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். ஹாண்டில்பார் ஒடிந்தது, துடைப்பக் கம்பைச் செருகிக்கொண்டு ஓட்டினார்! நேரம் கடந்துவிட்டதென்று போட்டிக் கணக்கிலிருந்து நீக்கினர். ஆனால் வீட்டுக்கு அனுப்பினார்களா? இல்லை. அவரைக் காணத்தானே வழியெங்கும் கூட்டம்! பரிசுக் கணக்குக்கு ஆகாதவர், பத்திரிகை விற்பனைக்கு ஆனார்.

அம்மையாரோ மிலான் வரை ஓட்டியே தீர்த்தார். புறப்பட்டவர் 90 பேர். பட்டியலில் இடம்பெற்று முடித்த ஆடவர் 30 பேர்தாம்.

மறு ஆண்டு பெரிய வீரர்கள் திரும்பினர்; அம்மையாருக்குக் கதவடைத்தனர். பின்னாளில் மிலானில் சைக்கிள் கடை வைத்துப் பிழைத்து, 1959இல் மறைந்தார்.