வலை காகிதமான கதை

பழவேற்காட்டு ஏரிக்கரைச் சிற்றூர்களில் பிறந்த எங்களுக்குக் கிழிந்த வலை புதிதன்று. அதுவும் ஒரு காலத்தில் காகிதமாயிற்று என்பதை, அறிவியல் கண்காட்சிக்காக மரப்பட்டையில் காகிதம் செய்தபோதுதான் அறிந்தோம்.

சீன நாட்டு அரண்மனைப் பட்டறைகளைக் கண்காணித்த அதிகாரி சாய் லுன். அந்நாளில் மக்கள் கனத்த மூங்கில் பட்டைகளிலும் விலை மிகுந்த பட்டிலும் எழுதினர். முரட்டுக் காகிதம் அவருக்கு முன்பே இருந்தது. ஆயினும் மரப்பட்டை, நார், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றால் நல்ல காகிதம் செய்யும் முறையைக் கி.பி. 105-இல் பேரரசருக்கு அறிவித்தவர் அவரே. 114-இல் பிரபுப் பட்டமும் பெற்றார். ஆனால், பழைய அரண்மனைச் சூழ்ச்சி ஒன்றில் அவருக்கிருந்த பங்கைப் பற்றி 121-இல் விசாரணை எழுந்தது. அவமானத்துக்கு அஞ்சி நஞ்சுண்டு மாண்டார்.

நாங்களும் பட்டையை ஊறவைத்து, வேகவைத்து, இடித்து, அந்தக் கூழை நீரில் கலக்கிச் சல்லடையில் ஏந்தி உலர்த்தினோம். காகிதம் வந்தது! வலைத்துண்டையும் இடித்தோம், கூழாகவில்லை. எங்களுடையது நைலான், அவர் காலத்து வலையோ செடியின் நாரால் பின்னியது.

பட்டமும் பதவியும் சாய் லுனைக் காக்கவில்லை. பிறர் எறிந்த கந்தலில் அவர் கண்ட பயனோ, எங்கள் நோட்டுப் புத்தகங்களில் இன்றும் வாழ்கிறது.