இரத்தத்தைப் படித்த டாக்டர் லூசி வில்ஸ் அம்மையார்



நம்ம தீர்த்தமலையில் ராமர் தீர்த்தத்துக்குப் படி ஏறும்போது சிலர் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாங்க. வெயில், பசி என்று ஏதோ ஒரு காரணம் சொல்வோம். ஆனால் சில பேருக்குக் காரணம் இரத்தத்தில் இருக்கும். அதுதான் இரத்தசோகை. வீட்டில் பெரியவங்க உடம்புல ரத்தம் கம்மி என்று சொல்வது இதைத்தான்.

சரி, ரத்தத்தில் எது கம்மி? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நம்ம நாட்டுக்கே வந்தவர்தான் லூசி வில்ஸ் அம்மையார்.

பிறப்பும் படிப்பும்

இவர் 1888 மே 10 அன்று இங்கிலாந்தில் சட்டன் கோல்ட்ஃபீல்ட் என்ற ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்து 1911-இல் தேர்வு எழுதி முடித்தார். அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் பரீட்சை எழுதலாம், ஆனால் பட்டம் மட்டும் தர மாட்டாங்க! முதல் உலகப் போர் தொடங்கிய சமயம் தென்னாப்பிரிக்காவில் இருந்த அவர், ஒரு மருத்துவமனையில் தொண்டராக நர்ஸ் வேலை செய்தார். பிறகு லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, 1920-இல் தன் 32-வது வயதில் டாக்டர் ஆனார்.

இந்தியாவுக்கு வந்தார்

அப்போது பம்பாயில் துணி மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர் கர்ப்ப காலத்தில் கடுமையான இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் கண்டுபிடிக்க 1928-இல் லூசி அம்மையார் பம்பாய் வந்தார். அடுத்த ஆண்டு நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். 1931-இல் சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். இன்று அதன் பெயர் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

நோயாளிகளின் இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சின்னதாக, வெளிறிப்போய் இருக்கும். ஆனால் இந்தப் பெண்களின் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரியதாக இருந்தன. அப்படியென்றால் இவர்களுக்குக் குறைவது இரும்பு மட்டுமல்ல, வேறு ஏதோ ஒரு சத்து! அவர்கள் தினமும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். அதே மாதிரி சத்துக் குறைந்த உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்தார். அவற்றுக்கும் இரத்தசோகை வந்தது. மார்மைட் என்ற, விலை குறைந்த ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் குணமானது. பெண்களுக்கும் அதைக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-இல் இதை மருத்துவ இதழில் எழுதி உலகத்துக்குத் தெரிவித்தார். ஈஸ்டில் இருந்த அந்தப் பெயர் தெரியாத சத்துக்கு வில்ஸ் காரணி என்றே பெயர் வந்தது.

பெயர் கிடைத்தது

1941-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பசலைக்கீரை வகையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து எடுத்தார்கள். இலை என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். வில்ஸ் காரணியும் இதுவும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. 1945-இல் அதை ஆய்வகத்திலேயே தயாரித்த குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்!

லூசி அம்மையார் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனைக்குத் திரும்பினார். இரண்டாம் உலகப் போரின்போது, கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து கொடுத்தால் எவ்வளவு பயன் என்றும் ஆராய்ந்தார். 1944-இல் அந்த மருத்துவமனை மேலேயே குண்டு விழுந்தது. அப்போதும் அவர் வேலையை விடவில்லை. 1947-இல் ஓய்வு பெற்ற பிறகும் ஜமைக்கா, ஃபிஜி என்று போய் ஏழை மக்களின் இரத்தசோகையை ஆராய்ந்தார். 1964 ஏப்ரல் 16 அன்று காலமானார்.

நம்ம ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

இரத்தப் பரிசோதனைச் சீட்டில் முதலில் ஹீமோகுளோபினைப் பாருங்க. 12 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 12 முதல் 14 வயது ஆண்களுக்கும் 12, அதற்கு மேல் 13. கர்ப்பிணிகளுக்கு 11. அடுத்து எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். அதுதான் சிவப்பணுவின் பருமன். பெரியவர்களுக்கு 80 முதல் 100 வரை சரியான அளவு. 80-க்குக் கீழே போனால் பெரும்பாலும் இரும்புக் குறைவு. 100-க்கு மேலே போனால் ஃபோலிக் அமிலமோ பி12 வைட்டமினோ குறைந்திருக்கலாம். சின்ன அணுக்கள் பரம்பரைக் காரணத்தாலும் வரும். அதனால் உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று அறிய டாக்டர் ஃபெரிட்டின் பரிசோதனையும் எழுதுவார். இரண்டு சத்தும் சேர்ந்து குறைந்தால் எம்.சி.வி. சரியாக இருப்பதுபோலவே காட்டி ஏமாற்றும். ஆகவே நாமே முடிவு செய்யாமல் டாக்டரிடம் காட்டணும்.

பள்ளிகளில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல மாத்திரையில் இரும்பும் இருக்கிறது, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. லூசி அம்மையார் ஆராய்ந்த இரண்டும் அந்த ஒரே மாத்திரையில்! வயிறு குமட்டுது என்று சிலர் ஜன்னல் வழியாக வீசிவிடுகிறோம். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். கூடவே முருங்கைக்கீரை, பச்சைப்பயறு, கேழ்வரகு சாப்பிடுங்க. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் சரியாகச் சேராது. கொக்கிப்புழுவும் ரத்தத்தைக் குடிக்கும், அதனால் செருப்பு இல்லாமல் வெளியே போகாதீங்க.

கடல் தாண்டி வந்த ஒருவர், முன்பின் தெரியாத மில் தொழிலாளிப் பெண்களின் ஒரு துளி இரத்தத்தை அவ்வளவு பொறுமையாகப் படித்தார். நம்ம சொந்த ரத்தத்தின் ரிப்போர்ட்டை மடித்துப் புத்தகத்துக்குள் ஒளித்து வைக்கலாமா? இன்றைக்கே எடுத்து வீட்டில் காட்டுங்க. அம்மாவுக்கும் ஒரு முறை பரிசோதனை செய்யச் சொல்லுங்க!