உள்ளதை உரைத்த பெருமகன்: சேர் பொன்னம்பலம் இராமநாதன்

திருநெல்வேலியிலே இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் விளங்கும் இடத்திற் பரமேசுவராக் கல்லூரியை 1921ஆம் ஆண்டில் நிறுவியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆவர். 1974இற் பல்கலைக்கழக வளாகம் ஆரம்பமானதும் அக்கல்லூரியின் கட்டடங்களிலேயே. அன்னாரின் கொடையை நாம் நன்கறிவோம். மனத்திற்பட்டதை மறையாது உரைத்த நாவினால் அவர் பெற்ற உறவையும், புண்பட்ட உறவையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் இவ்விழா மலருக்குத் தகுவதெனக் கருதுகின்றோம்.

1851இற் பிறந்த இராமநாதன், 1879இலே தமிழர் பிரதிநிதியாகச் சட்ட நிரூபண சபை புகுந்தார். தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளை ஞானகுருவாகக் கொண்டார். சபையில் எவர்க்கும் அஞ்சாத வழக்கறிஞர் குருவின் முன்னிலையில் அடங்கியிருந்து கேட்டார். 1911ஆம் ஆண்டுத் தேர்தலிற் படித்த இலங்கையரின் பிரதிநிதியாயினார்.

1915இற் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே கலகம் மூண்டது. அரசினர் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தனர். சிங்களத் தலைவர் பலர் சிறைப்பட்டனர், பலர் உயிரிழந்தனர். தேசாதிபதியின் ஆட்சியைக் குறைகூற அஞ்சிப் பலர் வாய்மூடியிருந்த அவ்வேளையில், இராமநாதன் அதன் கொடுமைகளைச் சபையிலே எடுத்துரைத்தார். உலக யுத்தம் நடந்த காலத்திற் கடல் கடந்து இலண்டன் சென்றும் முறையிட்டார். 1916இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். அவர் மீண்டபோது சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர். தமக்கு இடர் வருமென அறிந்தும் பிறர்க்காகப் பேசிய சொல் ஈட்டிய அன்பு அது.

மறுபுறத்தையும் மறைத்தல் முறையன்று. கலகத்திலே கடைகளையும் பள்ளிவாசல்களையும் இழந்த முஸ்லிம்கள் அப்பேச்சாற் புண்பட்டனர். அதன் முன்னரே, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் அவர் நிகழ்த்திய விரிவுரை கசப்பை விளைத்திருந்தது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதனை மறுத்து நூல் எழுதினார். இராமநாதன் தாம் நம்பியதையே கூறினார் என்பதில் ஐயமில்லை. ஆயின், தாம் யாவர் என்பதை அம்மக்களே கூறக் கேட்டபின் பேசியிருந்தால் அப்பிளவு இத்துணை ஆழ்ந்திராது என்றே எண்ணுகின்றோம்.

1930இல் அன்னார் மறைந்தார். அவர் வாழ்விலிருந்து நம் மாணவர் கொள்ளத்தக்கன இரண்டு. அதிகாரத்தின் முன் உண்மையுரைக்க அஞ்சற்க. அயலாரைப்பற்றி உரைக்குமுன், குருவின்முன் இருந்து கேட்டாற்போல அவர்பாலும் இருந்து கேட்க. நாவின் நேர்மைக்குச் செவியின் நேர்மையுந் துணையாகும்போதே உறவு நிலைபெறும்.