கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரத்தைக் கணக்கில் பிடித்தவர்



விஞ்ஞானி வரலாறு பகுதிக்கு இந்த முறை எழுத எனக்கு வாய்ப்பு கிடைத்தது. நியூட்டன், எடிசன், ஐன்ஸ்டீன் எல்லோரும் ஏற்கெனவே இந்தச் சுவரில் வந்துவிட்டார்கள். அதனால் நான் ஃப்ரீட்ரிக் பெஸலைத் தேர்ந்தெடுத்தேன். கல்லூரியில் கணிதமோ பொறியியலோ படிக்கிற அண்ணன், அக்கா உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ‘பெஸல் சார்பு’ என்று ஒரு பாடம் இருப்பதாகச் சொல்வார்கள். அந்தப் பெஸல்தான் இவர்!

பள்ளியை விட்ட பையன்

பெஸல் 1784-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் ஜெர்மனியில் மிண்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அரசு ஊழியர், பெரிய குடும்பம். பையனுக்குக் கணக்கு நன்றாக வரும். ஆனால் லத்தீன் என்றால் வேப்பங்காய்! 14 வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டார். 1799-இல் பிரெமன் துறைமுக நகரத்தில் ஒரு வணிக நிறுவனத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். ஆரம்பத்தில் சம்பளம் கிடையாது. கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர் என்று தெரிந்த பிறகுதான் கொஞ்சம் கொடுத்தார்கள்.

சரக்குக் கப்பலில் வெளிநாடு போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக இரவில் விளக்கு வைத்து ஆங்கிலம், ஸ்பானிஷ், பூகோளம் எல்லாம் படித்தார். நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். அப்படித்தான் அவருக்கு வானியல் பிடித்துப்போனது. கப்பல் ஆசை போய்விட்டது, நட்சத்திர ஆசை ஒட்டிக்கொண்டது!

1804-இல் ஒரு காரியம் செய்தார். ஹாலி வால் நட்சத்திரம் 1607-இல் வந்தபோது எடுத்து வைத்திருந்த பழைய அளவுகளைக் கொண்டு அதன் பாதையைக் கணக்கிட்டார். பிரெமனில் ஓல்பர்ஸ் என்ற மருத்துவர் இருந்தார், வால் நட்சத்திர ஆராய்ச்சியில் பெரிய ஆள். அவரிடம் போய்த் தாளை நீட்டினார். 20 வயது குமாஸ்தா போட்ட கணக்கைப் பார்த்து ஓல்பர்ஸ் அசந்துபோய், அதை அச்சில் வெளிவரச் செய்தார்.

1806-இல் பெஸல் ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தது. ஒரு பக்கம் நல்ல சம்பளத்துடன் வணிக நிறுவன வேலை. இன்னொரு பக்கம் லிலியன்தால் என்ற ஊரில் இருந்த தனியார் வானாய்வகத்தில் உதவியாளர் வேலை, வருமானம் மிகக் குறைவு. யோசித்துப் பார்த்து அவர் வானாய்வகத்துக்கே போனார். நம்மில் எத்தனை பேர் போவோம் என்று நான் யோசித்துப் பார்த்தேன்.

ஆனால் அந்த முடிவு வீண் போகவில்லை. பிரஷ்ய மன்னர் கோனிக்ஸ்பெர்க் நகரில் புது வானாய்வகம் கட்ட முடிவு செய்து, அதற்கு இயக்குநராகப் பெஸலை அழைத்தார். அப்போது அவருக்கு வயது 25. பேராசிரியர் ஆகப் பட்டம் வேண்டுமே! இவர்தான் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லையே! கணித மேதை காஸ் பரிந்துரை செய்ய, கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. 1810-இல் கோனிக்ஸ்பெர்க் போனவர் கடைசி வரை அங்கேயே இருந்தார்.

பிழையைக் கண்டு பயப்படாதவர்

பெஸலிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தப் பகுதிதான்.

இங்கிலாந்தில் கிரீனிச் வானாய்வகத்தில் 1796-இல் கின்னிபுரூக் என்ற உதவியாளரை வேலையை விட்டு அனுப்பினார்கள். காரணம் என்ன தெரியுமா? தொலைநோக்கியில் உள்ள கம்பியை நட்சத்திரம் கடக்கும் நேரத்தைத் தலைமை வானியலாளர் மாஸ்கிலின் குறித்ததைவிட அவர் 0.8 வினாடி தாமதமாகக் குறித்தார். அவ்வளவுதான்!

பல ஆண்டுகள் கழித்து இதைப் படித்த பெஸல், அவர் கவனக்குறைவானவர் என்று முடிவு கட்டவில்லை. 1820-களில் தன்னையும் மற்ற வானியலாளர்களையும் ஒரே நட்சத்திரங்களைப் பார்க்க வைத்து ஒப்பிட்டார். தேர்ந்த வானியலாளர்களிடமும் வித்தியாசம் வந்தது! காது கடிகாரச் சத்தத்தைக் கேட்க, கண் நட்சத்திரத்தைப் பார்க்க, இரண்டையும் மூளை சேர்ப்பதில் ஆளுக்கு ஆள் மாறுபாடு உண்டு. அந்த வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்தால் அதைக் கழித்துவிடலாம். கருவிக்கும் பிழை உண்டு, மனிதனுக்கும் பிழை உண்டு. அதை மறைக்காமல் அளந்து கழிப்பதுதான் பெஸலின் வழி. இப்படித்தான் பிராட்லி என்பவர் கிரீனிச்சில் எடுத்து வைத்த பழைய அளவுகளைத் திருத்தி, 3222 நட்சத்திரங்களின் சரியான இடங்களை 1818-இல் வெளியிட்டார்.

நட்சத்திரம் எவ்வளவு தூரம்?

கட்டை விரலை நீட்டிக்கொண்டு ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தெரியும். அதே மாதிரி, பூமி சூரியனைச் சுற்றும்போது பக்கத்து நட்சத்திரம் லேசாக இடம் மாறித் தெரிய வேண்டும். அந்த மாற்றத்தை அளந்தால் தூரம் கிடைத்துவிடும். நூற்றாண்டுகளாகப் பலர் முயன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பெஸல் 61 சிக்னி என்ற இரட்டை நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டார். அது வானத்தில் வேகமாக நகர்வதால் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைத்தார். ஒரு வருடத்துக்கு மேல் அளந்து 1838-இல் விடையை அறிவித்தார். கிடைத்த கோணம் 0.314 வினாடி. ஒரு ரூபாய் நாணயத்தை ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு! தூரம் சுமார் 10 ஒளியாண்டு என்று வந்தது. இன்றைய கணக்கில் 11.4 ஒளியாண்டு. அந்தக் காலத்துக்கு எவ்வளவு நெருக்கம் பாருங்கள்!

தட்டாமாலை ரகசியம்

நம் பள்ளி மைதானத்தில் சின்னப் பிள்ளைகள் கையைக் கோத்துத் தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே எடையுள்ள இருவர் சுற்றினால் இருவரும் சமமான வட்டம் போடுவார்கள். பிளஸ் டூ அக்காவும் ஆறாம் வகுப்புத் தங்கையும் சுற்றினால்? தங்கை பெரிய வட்டம் ஓடுவாள். அக்கா சின்ன வட்டம் போடுவார். ஆனால் அக்காவும் அசையாமல் நிற்க முடியாது! இருட்டில் தங்கை தெரியாவிட்டாலும், அக்காவின் அசைவை வைத்தே எதிரில் யாரோ இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

சிரியஸ் நட்சத்திரத்தில் பெஸல் பார்த்தது இதைத்தான். அது வானத்தில் நேராக நகராமல் அலை அலையாக நகர்ந்தது. புரோசியான் நட்சத்திரமும் அப்படியே. 1844-இல், இந்த இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியாத துணை இருக்கிறது என்று அறிவித்தார். அந்தத் துணைகளை உலகத்தில் யாரும் பார்த்தது இல்லை. எந்தத் தொலைநோக்கியிலும் தெரியவில்லை. கணக்கு மட்டும்தான் சாட்சி!

1840-இல் வளர்ந்த மகனைப் பறிகொடுத்த துக்கம், அதன் பின் நோய், இத்தனைக்கும் நடுவில் செய்த வேலை இது. 1846 மார்ச் 17-ஆம் நாள் பெஸல் காலமானார். தான் சொன்னது சரியா என்று அவர் பார்க்கவே இல்லை.

1862 ஜனவரி 31-இல் அமெரிக்காவில் ஆல்வன் கிரஹாம் கிளார்க் ஒரு புது லென்சைச் சோதித்துப் பார்த்தபோது, சிரியஸுக்குப் பக்கத்தில் ஒரு மங்கலான புள்ளி தெரிந்தது. பெஸல் சொன்ன துணை! புரோசியானின் துணை 1896-இல் தெரிந்தது. சிரியஸின் துணை பூமி அளவுதான் இருக்கிறது, ஆனால் எடை ஏறக்குறைய சூரியன் எடை! இந்த வகையை வெண்குள்ளன் என்கிறார்கள்.

நம்ம சென்னையிலும் ஒரு முயற்சி!

துணை நட்சத்திரத்தை இப்படிப் பிடிக்கலாம் என்றால், கோளையும் பிடிக்கலாம் அல்லவா? இதை முதலில் முயன்ற இடங்களில் ஒன்று நம்ம சென்னை நுங்கம்பாக்கம்! அங்கே இருந்த மதராஸ் வானாய்வகத்தின் இயக்குநர் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தை ஆராய்ந்தார். இரண்டும் ஒன்றையொன்று சுற்றும் பாதை கணக்குக்குச் சரியாகப் பொருந்தவில்லை. அதனால் அங்கே ஒரு கோள் இருக்கக்கூடும் என்று 1855-இல் எழுதினார். பிறகு அமெரிக்காவில் சீ என்பவரும் இதே நட்சத்திரத்தில் மறைந்திருக்கும் ஒரு பொருள் உண்டு என்றார். 1899-இல் மோல்டன் என்பவர், அவர் சொன்ன மாதிரிப் பாதையில் ஒரு பொருள் நிலைத்திருக்கவே முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். பெஸலின் 61 சிக்னியிலும் 1940-களில் ஒரு கோள் இருப்பதாகச் சொல்லி, பிறகு அதுவும் இல்லை என்று ஆனது.

வழி ஒன்றுதான். பெஸலுக்குப் பலித்தது, மற்றவர்களுக்கு ஏன் பலிக்கவில்லை? சிரியஸின் துணை கனமானது, அதனால் அசைவும் பெரியது. கோளோ ரொம்ப லேசு. நம் வியாழன்கூடச் சூரியன் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு சின்ன அசைவைத் தேடும்போது அளவீட்டுப் பிழையே கோள் மாதிரித் தெரிந்துவிடும். பிழையை முதலில் அளந்துவிடு என்ற பெஸலின் வழி எவ்வளவு முக்கியம் என்று இங்கேதான் எனக்குப் புரிந்தது.

ஆனாலும் ஜேக்கப்பின் கனவு வீண் இல்லை. காமா செஃபை என்ற இரட்டை நட்சத்திரத்தில் ஒரு கோள் இருக்கலாம் என்று 1988-இல் சந்தேகம் வந்து, 2003-இல் உறுதியானது. நட்சத்திரம் நம்மை நோக்கியும் விலகியும் ஆடுவதை அதன் ஒளியில் அளந்துதான் பிடித்தார்கள். அதுவும் தட்டாமாலைதான்!

நண்பர்களே, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவு எட்டு மணி வாக்கில் தெற்குப் பக்கம் பாருங்கள். வானத்திலேயே அதிகமாக ஒளிரும் நட்சத்திரம்தான் சிரியஸ். துணை நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இருக்கிறது!

யோசியுங்கள்: சிரியஸும் அதன் துணையும் ஒரு சுற்று முடிக்கச் சுமார் 50 ஆண்டுகள் ஆகும். பெஸல் 1755 முதல் 1844 வரை உள்ள அளவுகளைப் பார்த்தார் என்றால், அதற்குள் எத்தனை சுற்று முடிந்திருக்கும்? விடை அடுத்த இதழில்.



– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி